ஒன்பதுக்கு அகப்படாத எண்

மே 3

இந்த டைரி எனக்குச் சும்மா கிடைத்தது. சிவகாசியில் அச்சகக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிழையான டைரிதான் எழுதப்பட்டிருக்கிறது. போன வருடம் அப்பா அச்சடித்ததில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் விழுந்துவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். அதில் ஒன்றில் அம்மா பால் கணக்கு எழுதுகிறாள், இன்னொன்றில் நான் இதை எழுதுகிறேன்.

நாளை காலை என் வெடி வெடிக்கும்.

எங்கள் அச்சகத்தின் உயிர் தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இன்றைய எண்பலன்' என்று இரண்டு வரி வரும். அதை எழுதிக்கொண்டிருந்த ஜோதிடர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். "பழைய காலண்டரப் பாத்து மாத்தி மாத்திப் போடும்மா" என்று புரூஃப் பார்க்கும் என்னிடம் அப்பா தள்ளிவிட்டார். நானும் முந்நூற்று அறுபத்து நான்கு நாளுக்கு யோக்கியமாக மாற்றி மாற்றித்தான் போட்டேன். மே 4-க்கு மட்டும் சொந்தமாக எழுதினேன்:

'27-ஆம் தேதி பிறந்த பெண்களுக்கு: வரனின் பிறந்த தேதி பகா எண்ணாக அமைவதும், கூட்டுத்தொகை ஒன்பது வருவதும் ஆயுள் முழுவதும் பிரியாத இல்வாழ்வு தரும். ஒன்று குறைந்தாலும் தவிர்க்கவும்.'

நான் பிறந்தது 27. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வது பெரிய பகா எண்களைப் பற்றி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபட்டே தீரும். ஆகவே இரண்டும் ஒன்றாக அமைந்த எண் கிடையாது. எட்டு இலக்கத்தில் இல்லை, எண்பது லட்சம் இலக்கத்திலும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு நிபந்தனையும் சாதுவாக இருக்கும். அதில்தான் என் சாமர்த்தியம்.

செல்வக்கனி அத்தை தன் மகன் ராஜதுரைக்கு என்னைக் கேட்டு மூன்று வருடமாக நடையாய் நடக்கிறாள். அப்பாவை வளர்த்த அக்கா. அவளிடம் 'இல்லை' என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. நான் சொன்னால் 'படிச்ச திமிரு'. காலண்டர் சொன்னால்?

மே 4

வெடித்தது.

தன் அச்சகத்தில், தன் மகள் பழைய தாள்களிலிருந்து ஒட்டிப் போட்ட பலன் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காலையில் குளித்துவிட்டு, தாளைக் கிழித்து, கண்ணாடி போட்டுப் படித்து, நம்புவார். மிட்டாய்க் கடைக்காரர் தன் கடை மிட்டாயைத் தின்ன மாட்டார் என்பார்கள். அப்பா அப்படியில்லை.

"ஈஸ்வரி, பகா எண்ணுன்னா என்னம்மா?"

சொன்னேன்.

"அப்போ எதுவும் உள்ள பூந்து பிரிக்க முடியாத எண்ணு. நல்ல விசயந்தான" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மத்தியானமே அத்தை வந்துவிட்டாள். ராஜதுரை பிறந்தது 17-05-1993. அப்பா கூட்டினார். முப்பத்தைந்து, எட்டு. "ஒம்பது வரலியே அக்கா" என்றார். நான் பட்டாணி உரித்துக்கொண்டே 17051993-ஐ லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஏழால் வேறு போகிறது. தாராளமான மனுஷன், இரண்டு பக்கமும் தோற்றிருக்கிறான்.

மே 5

அத்தை போன் செய்யவில்லை. வீடு கோயில் மாதிரி இருக்கிறது.

மே 11

கோயிலில் கலவரம்.

அத்தை சொன்னாள்: "தம்பி, பதினேழுங்கறது ஆஸ்பத்திரிக்காரி தப்பா எழுதினது. பய பொறந்தது பன்னண்டு மணிக்கு மேல. நெசத் தேதி பதினெட்டு."

18051993. கூட்டினால் ஒன்பது. அத்தை முகத்தில் தீபாவளி. அப்பா என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"பகா எண் இல்லப்பா."

"இருவத்தேழுன்னா?" என்றாள் அத்தை. "பள்ளிக்கூடத்துல இருவத்தேழுன்னுதான் குடுத்தோம்."

"இல்ல அத்தை."

"சாதகத்துல ஒம்பதுன்னு ஒரு கணக்கு இருக்கு..."

"அதுவும் வகுபட்டுரும் அத்தை."

பிள்ளையை நான்கு முறை பெற்ற மகராசி. அத்தைக்குக் கூட்டத் தெரிகிறது, வகுக்கத்தான் தெரியவில்லை. ஒன்பது வரவேண்டும் என்று ஒன்பது வரும் தேதியாகவே தேடித் தேடிப் பெறுகிறாள். அவள் போன பிறகு அப்பா அடுக்களை வாசலில் நின்று தோசைக் கரண்டியையும், கூடத்து மேஜையில் மூடிக் கிடந்த லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "முறுகலா ஒண்ணு போடும்மா" என்று மட்டும் சொன்னார். பசி போலிருக்கிறது.

மே 19

நான் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். காலண்டர் எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் தொங்கவில்லை. ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், பாத்திரக் கடைகள் என்று தென்மாவட்டம் முழுக்கத் தொங்குகிறது. 27-ஆம் தேதி பிறந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அச்சகத்துக்குப் போன் வந்தபடி இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அப்பா: "பதினாறு வரன் பாத்துட்டேன்யா, ஒண்ணும் அமையல. ஒங்க ஜோசியரு நம்பரக் குடுங்க." சாத்தூரிலிருந்து ஒரு பெண், மெல்லிய குரலில்: "மேடம், அந்த மே நாலாந்தேதித் தாள் இன்னொண்ணு கெடைக்குமா? வீட்டுல கிழிச்சுப் போட்டுட்டாக. எங்க சித்தப்பாவும் பாக்கணும்." சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். பத்துத் தாள் பார்சலில் அனுப்பினேன்.

குற்ற உணர்ச்சியா? தேடிப் பார்த்தேன், இல்லை. ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. இப்படி அமைதியாக இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதி எத்தனை நாளாயிற்று.

ஜூன் 2

இன்று ஒருவர் நேரில் வந்தார். கோவில்பட்டிக்காரர். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாராம். பெயர் குருபரன். அப்பா பேப்பர் ஸ்டோருக்குப் போயிருந்தார். மேஜையில் நான்தான் இருந்தேன்.

பையிலிருந்து மே 4 தாளை எடுத்து வைத்தார். "எனக்கு ராஜபாளையத்துல ஒரு வரன் பேசி முடியற நெலமை. இந்தத் தாளக் காட்டி வேண்டாம்னுட்டாங்க."

"சாரி சார். பழைய பலன்லருந்து எடுத்துப் போடறது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சண்டைக்கு வரலீங்க. அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தர் மேல விருப்பம். இந்தத் தாள் எழுதினவுகளப் பாத்தா நன்றி சொல்லச் சொல்லுச்சு. நான் வந்தது வேற விசயத்துக்கு. இந்த ரெண்டு கண்டிசனும் ஒண்ணா அமையவே அமையாது. தற்செயலா எழுதினா இவ்வளவு கச்சிதமா வராது. தெரிஞ்சே எழுதிருக்காங்க. அவரு யாருன்னு பாக்கணும்."

"அவரு வெளியூர்ல இருக்காரு."

"நம்பர் குடுங்க."

ஆள் நகரமாட்டார் என்று தெரிந்தது. பத்து இலக்கம் எழுதிக் கொடுத்தேன்: 2147483647. தரகர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் எண். அழைத்தால் அப்படியொரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மாள் சொல்லுவாள்.

அவர் அழைக்கவில்லை. சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"மேடம், இது போன் நம்பர் இல்ல. முப்பத்தொரு ரெண்டப் பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றது. எங்க பசங்க எழுதுற புரோகிராமுல எண்ணிக்க இதத் தாண்டிச்சுன்னா கம்ப்யூட்டரு அப்படியே மைனசுக்குத் தாவிரும். இதால நான் எத்தன ராத்திரி தூங்கல தெரியுமா?" பிறகு, கொஞ்சம் மெதுவாக: "பகா எண் கூடத்தான், இல்ல?"

அந்த எண்ணின் மேல் எனக்கு ஆசை அதிகம். பார்ப்பதற்கு ஏதோ வாய்க்கு வந்ததை எழுதியது போல இருக்கும். ஒன்று கூட்டினால் வெறும் இரண்டுகளாக உதிர்ந்துவிடும். ஒன்று கழித்தாலோ ஆறால் வகுபடும். நடுவில் இது மட்டும் யாருக்கும் மசியாமல் நிற்கும். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பு, கம்ப்யூட்டர் இல்லாமல், கையால் வகுத்து இதைப் பகா எண் என்று நிறுவினார்கள். வெகு காலம் உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது உறைத்தது.

ஜூன் 3

குருபரன் தன் பிறந்த தேதியை நேற்றுப் பேச்சுவாக்கில் சொன்னார். எட்டு இலக்கம். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். பகா எண். ஆராய்ச்சிக்காகப் பார்த்ததுதான். எண்ணை இங்கே எழுத மாட்டேன், அம்மா பால் கணக்குக்குத் தாள் தீர்ந்தால் இந்த டைரியைத்தான் புரட்டுவாள்.

ஜூன் 4

கூட்டுத்தொகை எட்டு. அதையும் சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 9

பாலிடெக்னிக்குக்குக் காலண்டர் வேண்டும் என்று குருபரன் வந்தார். ஜூன் மாதத்தில் காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த முதல் மனிதர் என்று அப்பா அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எந்த மாடல் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. இன்னொரு முறை வரவேண்டுமாம்.

ஜூன் 12

இன்னொரு முறை வந்தார். பிள்ளையார் படமா முருகன் படமா என்று ஒரு மணி நேரம் குழம்பினார். இடையில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். எனக்குக் கோபம் வந்தது. தப்பு தப்புதான்.

ஜூன் 17

படம் இல்லாமலே காலண்டர் போடலாம் என்று சொல்ல வந்தவர், படியிறங்கும்போது சொன்னார்: "எங்க வீட்டுல வந்து கேக்கச் சொல்லட்டுமா?"

நான் காலண்டரைப் பற்றித்தான் கேட்கிறார் என்பது போல, "டெலிவரி நவம்பர்லதான்" என்றேன்.

"அதுவரைக்கும் காத்திருக்கலாம்" என்றார். "ஆனா எனக்கு எட்டுதான் வருது. ஒங்க தாள் என்னையும் சேத்துல்ல தள்ளுது?"

எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. கணக்கில் இப்படியொரு இடம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூன் 21

நிலவரத்தைத் தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

அத்தை நேற்று வந்து அப்பாவிடம் கறாராகப் பேசிவிட்டாள். "தம்பி, ஊரு முழுக்கத் தேடியும் அந்தத் தாளுக்கு ஒருத்தன் அமையல. ஆனி முடியட்டும். அதுக்குள்ள அப்படி ஒருத்தன் வந்தா கட்டிக்குடு, நானே வந்து அட்சத போடுறேன். வரலேன்னா தாளத் தூக்கிக் குப்பையில போடு, ஆவணியில ராஜதுரைக்குப் பரிசம்." அப்பா தலையை ஆட்டினார். 'ஆகட்டும்' என்று ஆட்டினாரா, 'வேண்டாம்' என்று ஆட்டினாரா, எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

தாள் உண்மை என்றால் குருபரனுக்கு வழியில்லை. தாள் பொய் என்று நான் ஒப்புக்கொண்டால், ராஜதுரைக்கு இருந்த ஒரே தடையும் போகிறது. எலிக்கு வைத்த பொறியில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். பொறியைக் கழற்றினால் எலி நேராகப் பந்திக்கு வந்து உட்காரும்.

நான் ராஜதுரையோடு வாழ மாட்டேன். குருபரனோடு வாழ ஆசையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அம்மா படித்தால் படிக்கட்டும்.

ஜூன் 24

நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி கூட ஓடவில்லை. பட்டாணி உரித்தேன்.

ஜூன் 26

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மே 4 தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, வேர்வையில் நைந்து போய்.

"அப்பா, அந்தப் பலனை நாந்தான் எழுதினேன். அப்படி ஒரு தேதி கெடையவே கெடையாது."

"தெரியும்மா."

காப்பி என் மேல் கொட்டியிருந்தால்கூட அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

"எப்பலருந்து?"

"தோச சுட்டியே, அன்னைக்கி. மொதத் தேதிக்கு லேப்டாப்பத் தட்டிப் பாத்த. ஒம்பது வந்த தேதிக்கெல்லாம் கரண்டியக் கூட கீழ வைக்காம 'இல்ல, இல்ல'ன்ன. அப்பறம் நானும் அச்சாபீசுல ஒக்காந்து வகுத்துப் பாத்தேன். ஒம்பது வர்றதெல்லாம் ஒம்பதால போவுது. ஒண்ணு மிஞ்சல." அவர் குரலில் பெருமை இருந்தது. தானே கண்டுபிடித்ததல்லவா.

"அப்பறம் ஏம்ப்பா சொல்லல?"

"அக்காகிட்ட எனக்கு 'மாட்டேன்'னு சொல்ல வராது. நீ சொல்லிக்கிட்டு இருந்த, நான் நின்னுக்கிட்டேன்." டம்ளரைச் சுழற்றினார். "ஊருல எத்தன பேருக்குக் கல்யாணப் பத்திரிக அடிச்சிருக்கேன். எம்மக பேருக்கு முன்னால முனைவர்னு கோக்கணும். அதுக்குள்ள எவன் பேரும் பக்கத்துல வரக்கூடாதுன்னு இருந்தேன்."

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சக் காப்பியை என்னிடம் நீட்டினார்.

நான் பெயரைச் சொல்லவில்லை. அவரே கேட்டார்: "அந்தப் படம் இல்லாத காலண்டர்க்காரன் பொறந்தது என்னைக்கி?"

ஜூன் 29

ஞாயிறு. அச்சகம் விடுமுறை. அப்பா மட்டும் போயிருக்கிறார். அம்மா மத்தியானச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "பத்து வருசமா ஓடாத பழைய டிரெடில் அச்சு மெசின ஓட்டிக்கிட்டு இருக்காரு. கேட்டா எண்ண போட்டுப் பாக்கேன்ங்காரு."

வயதானால் பழைய மெஷின் மேல் பாசம் வரும்போல.

ஜூன் 30

அத்தை வந்தாள். கூடவே பூவும் பழமும். ஆனி முடிய இன்னும் நாள் இருக்கிறது, அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்பா நிதானமாக எழுந்து பரணில் ஏறினார். எங்கள் காலண்டரில் வருடத்துக்கு ஒன்றைப் பரணில் போட்டு வைப்பது தாத்தா காலத்து வழக்கம். தூசி தட்டி ஒரு பழைய காலண்டரை இறக்கினார். குருபரன் பிறந்த வருடம்.

"அக்கா, கோவில்பட்டியில ஒரு பையன். இங்கிலீசுத் தேதி சுத்தமான பகா எண்ணு."

"கூட்டுத்தொகை?"

"எட்டு."

"அப்போ போச்சுல்ல!" அத்தை பழத்தட்டை முன்னால் நகர்த்தினாள்.

"இரு. தாள்ல 'பொறந்த தேதி'ன்னுதான் போட்டுருக்கு. எந்தத் தேதின்னு போடல. காலண்டர்க்காரனுக்குத் தேதின்னா ரெண்டு. இங்கிலீசு ஒண்ணு, தமிழு ஒண்ணு. ஒரு கண்டிசனுக்கு ஒண்ணு, இன்னொண்ணுக்கு இன்னொண்ணு."

இத்தனை வருடம் எண்களோடு குடித்தனம் நடத்தும் எனக்கு இது தோன்றவில்லை. ஒரே எண்ணைச் சுவரில் முட்ட விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இன்னொரு எண் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்பா அந்தத் தாளைப் பிரித்துக் காட்டினார். அத்தை தமிழ்த் தேதி, மாதம், திருவள்ளுவர் ஆண்டு என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் கூட்டினாள். பதினெட்டு. மறுபடி கூட்டினாள். ஒன்பது.

 பிறகு அத்தைக்கு ஒரு யோசனை உதித்தது. "அப்போ எம்மவனுக்கும் ரெண்டு தேதி பாக்கலாமுல்ல?"

"பாத்துருவோம்" என்றார் அப்பா, பவ்யமாக. "எந்தத் தேதிக்குப் பாக்க அக்கா? பதினேழுக்கா, பதினெட்டுக்கா, இருவத்தேழுக்கா, ஒம்பதுக்கா?"

"நாலும் வகுபடும் அத்தை" என்றேன். "ஒண்ணு ஏழால, மூணு ஒம்பதால."

அத்தை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். "அந்தப் பையனாச்சும் ஒரு தேதியில நின்னு பொறந்துருக்கான்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் காப்பி கேட்டாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். அந்த நிமிடம் எனக்கு அவளைப் பிடித்தது.

ஜூன் 31

இன்று நிஜத்தில் ஜூலை 1. ஆனால் இதை இங்கேதான் எழுத வேண்டும். உலகத்தில் இல்லாத நாளில் எழுதியதை யாரும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தவிர, முப்பத்தொன்றும் பகா எண்தான்.

நேற்று அத்தை போன பிறகு காலண்டரைப் பரணில் வைக்கச் சொன்னார் அப்பா. ஏணியில் ஏறியவள் அந்த ஒரு தாளை மட்டும் இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். முன்னும் பின்னும் இருந்த தாள்கள் பழுத்துப் போய், ஓரம் செல்லரித்திருந்தன. இது மட்டும் அவ்வளவாகப் பழுக்கவில்லை. டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தது போல ஒரு நிறம். லேசாக ஏலக்காய் வாசம்.

கீழே அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னம்மா, வச்சிட்டியா?"

"வச்சிட்டேம்ப்பா."

குருபரன் பிறந்த நாளின் உண்மையான தமிழ்த் தேதி என்ன என்று லேப்டாப்பில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. நான் சரிபார்க்காமல் விட்ட முதல் கணக்கு இது.

என் கட்டைவிரலில் ஒட்டிய மை இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.